பழைய ராணுவ ரைஃபிளுக்கு நகல் ஸ்கோப்: எங்கே கோட்டை விடுகிறோம்?

இரண்டாம் உலகப் போர்க்கால சோவியத் மோசின்-நாகன் ஸ்னைப்பர் ரைஃபிள் கையில் கிடைத்தால் அதன் இடது பக்கத்தைப் பாருங்கள். குழல் ரிசீவரோடு, அதாவது தோட்டா ஏறும் உலோக உடலோடு, சேரும் இடத்தில் ஓர் எண் வெட்டியிருக்கும். அது ரைஃபிளின் எண் இல்லை, மேலே பூட்டியிருந்த பி.யூ. என்ற ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கியின்) எண். பிரிட்டிஷ் நெ.4 (டி) லீ-என்ஃபீல்டிலும் இதே வழக்கம்தான். பின்புற மரக்கட்டையின் கழுத்தில், கட்டைவிரல் படியும் இடத்தில், நெ.32 ஸ்கோப்பின் எண்ணை அடித்திருப்பார்கள். ஜப்பானியர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். டைப் 97 ஸ்னைப்பர் ரைஃபிளின் 2.5 மடங்கு ஸ்கோப்பில் திருப்பிச் சரிசெய்ய எதுவுமே கிடையாது. தொழிற்சாலையிலேயே அந்த ஒரு ரைஃபிளுக்கென்று பொருத்தி அனுப்பிவிடுவார்கள்.

அதாவது, இவை ஜோடியாகவே பிறந்தவை. சேகரிப்பாளர்கள் கையைச் சுட்டுக்கொள்வதில் முக்கால்வாசி, ஸ்கோப்பைக் கடையில் வாங்கி மாட்டும் உதிரிப் பொருளாக நினைப்பதால் வருகிறது. (இந்தியாவில் லீ-என்ஃபீல்டின் .303 தோட்டா அளவு சாதாரண லைசென்ஸில் கிடைக்காது. ஆகவே கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா பக்கம் இருந்துகொண்டு இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்குத்தான் இது அதிகம் உதவும்.)

நகல் வாங்குவதே தவறு என்று சொல்ல வரவில்லை. ஒரிஜினல் ஸ்கோப்பின் விலை பல நேரம் ரைஃபிளின் விலையைத் தாண்டிவிடுகிறது. நகல் என்று தெரிந்து, நகல் விலைக்கு வாங்கினால் அதில் ஒரு குறையும் இல்லை.

பெரிய பாவம் எது என்று கேட்டால், கன்னி கழியாத ரைஃபிளில் துளை போடுவதைத்தான் சொல்வேன். 1930-களில் ரஷ்யாவின் தூலா தொழிற்சாலையில் செய்த மோசின் 91/30 ஒன்று, எந்தக் கையும் படாமல் 90 ஆண்டு தப்பி வந்திருக்கும். அதன் ரிசீவரில், ஸ்கோப்பைத் தாங்கும் நகல் மவுண்டுக்காக டிரில் இறக்குகிறார்கள். அந்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது. ஸ்னைப்பர் மாதிரி வேண்டுமென்றால், ஏற்கெனவே யாரோ வேட்டைக்காக வெட்டிக் குதறிய ரைஃபிளைத் தேடுங்கள். போருக்குப் பின் சோவியத் கிடங்குகளில் ஸ்கோப்பைக் கழற்றி, துளைகளை அடைத்துச் சாதாரண ரைஃபிளாக்கி அனுப்பியவையும் உண்டு. சேகரிப்பாளர்கள் ‘எக்ஸ்-ஸ்னைப்பர்’ என்பது இவற்றைத்தான். அடைத்த தழும்பு ரிசீவரின் இடது சுவரில் தெரியும். நகல் ஸ்கோப் ஏற இதைவிட நியாயமான இடம் கிடையாது.

அடுத்தது ஜாதகம் பார்க்கும் தவறு. நம்பர் பொருந்தினால் ஒரிஜினல், பொருந்தாவிட்டால் போலி என்று நினைப்பவர்கள் இருபக்கமும் ஏமாறுகிறார்கள். எண் வெட்டும் அச்சு யார் கையிலும் இருக்கலாம். மாறாக, போருக்குப் பின் பழுதுபார்த்தபோது ராணுவமே ஜோடி மாற்றியிருக்கிறது. பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் புதிய எண்ணை வெட்டிய ரைஃபிள்கள் உண்டு. சோவியத் மவுண்டுகளில் ரைஃபிள் எண்ணை மின்பேனாவால் கிறுக்கியிருப்பார்கள். கோணல்மாணலான அந்தக் கிறுக்கலைப் பார்த்துவிட்டு ‘டூப்ளிகேட்’ என்று ஒதுக்கி, பளிச்சென்று வெட்டிய எண்ணுக்குக் காசைக் கொட்டியவர்கள் உண்டு. லென்ஸ் வைத்துப் பாருங்கள். பழைய வெட்டின் குழிக்குள்ளும் மேற்பூச்சு இறங்கியிருக்கும், விளிம்பு மழுங்கியிருக்கும். பூச்சை உடைத்துக்கொண்டு உள்ளே வெள்ளை உலோகம் தெரிந்தால் கேள்வி கேளுங்கள்.

அமெரிக்க எம்1903ஏ4-இல் இன்னொரு சுலபமான சோதனை இருக்கிறது. மவுண்ட் ரிசீவரின் தலையில் உட்காருவதால் மேலே வெட்டிய எழுத்து மறைந்துவிடும். அதற்காக ரெமிங்டன் மாடல் பெயரை ஒரு பக்கமும் சீரியல் நம்பரை மறுபக்கமும் நகர்த்தி வெட்டியது. எழுத்து நடுவில் இருந்து மவுண்டுக்கு அடியில் ஒளிந்தால், அது சாதாரண 1903ஏ3 ரைஃபிளை மாற்றி ஒப்பேற்றியது.

இனி, நகல் மவுண்டில் பி.யூ. மாட்டியவர்கள் எல்லாரும் ஒரு நாளாவது திட்டித் தீர்க்கும் விஷயம். எல்லாம் முடுக்கிவிட்டு ரைஃபிளைத் தோளில் வைத்துப் பார்க்கிறீர்கள். குறி சரியாக விழ வேண்டுமென்று ஸ்கோப்பின் டிரம்மை (குறியைச் சரிசெய்யும் திருகு வளையத்தை) திருப்பத் திருப்ப, உள்ளே தெரியும் குறிமுள் வட்டத்தின் நடுவை விட்டு நகர்ந்து மேல் வலது மூலையில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஸ்கோப் கெட்டுப்போய்விட்டது என்று திருப்பி அனுப்புகிறார்கள். கெட்டுப்போனது ஸ்கோப் இல்லை. இன்றைய ஸ்கோப்பில் எவ்வளவு திருப்பினாலும் முள் நடுவிலேயே நிற்பதாகத் தெரியும். பி.யூ., நெ.32 காலத்து ஸ்கோப்புகளில் முள் கண்ணெதிரே நகரும். அதன் அமைப்பே அப்படி. எனவே ஸ்கோப்பின் பார்வையும் குழலும் ஏறக்குறைய ஒரே திசையில் இருக்கும்படி முதலில் மவுண்டே உட்கார வேண்டும்.

பி.யூ.வை மோசினில் தாங்கும் கொச்செதோவ் மவுண்டில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். ரிசீவரில் திருகிய அடித்தகட்டின் முன்புறம் உருண்டையாக ஒரு குமிழ். மவுண்ட் அதில் கவ்வி நிற்கும். பின்புறம் மேலொன்று கீழொன்றாக இரண்டு திருகாணி. ஒன்றைத் தளர்த்தி மற்றதை முடுக்கினால் ஸ்கோப் தலை தூக்கும் அல்லது தாழும். மேல்கீழ் பிரச்சினை இதோடு தீர்ந்தது. இடவலம் சரியில்லை என்றால் திருகாணி எதுவும் இல்லை. அடித்தகட்டின் பின்பக்கத்தை அரத்தால் துளித்துளியாக ராவ வேண்டும், அல்லது மெல்லிய தகடு செருக வேண்டும். ராவுவது தகட்டைத்தான், ரிசீவரை அல்ல. இரண்டு இழுப்பு ராவி, மாட்டிப் பார்த்து, கழற்றி மறுபடி ராவி, ஒரு மாலைப்பொழுது போய்விடும். அவசரப்பட்டு ஒரேயடியாக ராவினால் முள் அடுத்த மூலைக்குப் போய்விடும்.

போல்ட்டையும் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டையும்) மறந்துவிடுகிறார்கள். மோசினின் நேரான கைப்பிடி தூக்கும்போது ஸ்கோப்பில் இடிக்கும். கீழே வளைந்த நீளக் கைப்பிடி தேவை. கூடவே, கிளிப்பில் ஐந்து தோட்டாவை ஒரே தள்ளாகத் தள்ளும் வசதியும் போய்விடும், ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும்.

மாற்றியமைத்த ஸ்கோப்புகளில் அதிகம் குழப்புவது எல்1ஏ1. நெ.32 மார்க் 3-ஐ, 7.62 மி.மீ. எல்42ஏ1 ரைஃபிளுக்காக பிரிட்டிஷ் ராணுவமே மாற்றியது. டிரம் மீட்டரில் இருக்கும், கணக்கு 7.62 குண்டு பறக்கும் பாதைக்குப் போட்டது. வெளியிலிருந்து பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருப்பதால் .303-இல் மாட்டிவிட்டு, தூரம் கூடக் கூடக் குண்டு ஏன் தப்புகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

பழைய கண்ணாடிக்குள் மூட்டம் தெரிந்தால் கழற்றித் துடைக்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம். அது பல நேரம் தூசி இல்லை. இரண்டு லென்ஸை ஒட்டிய பால்சம் பசை பிரிகிறது. அதைச் சரிசெய்ய ஒளியியல் வேலை தெரிந்தவர் வேண்டும்.

கடைசியாக, சந்தேகத்துக்கு இடமான அளவு மலிவாக ஒரு ஜெர்மன் இசட்.எஃப்.41 ஸ்கோப்போ பி.யூ.வோ கிடைத்தால், அது ஏர்சாஃப்ட் விளையாட்டுத் துப்பாக்கிக்குச் செய்ததா என்று விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நிஜ ரைஃபிளின் உதைப்பில் அந்த விளையாட்டு ஸ்கோப்பின் முள் சில குண்டுகளிலேயே கழன்று உள்ளே உருளும்.