பழைய காமிக்ஸ்: தரம் பார்ப்பது முதல் பெட்டியில் அடுக்குவது வரை

ஒரு பழைய காமிக்ஸைப் பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுக்கும்போது அதன் பின்னட்டையில் நகக்கண் அளவுக்கு நிறத்தைப் பிய்த்தவன் நான். நாற்பது வருடத்துக்கு மேல் யார் யார் கையிலோ இருந்து தப்பித்து வந்த புத்தகம். என்னிடம் வந்து, பாதுகாக்கிறேன் பேர்வழி என்று கவருக்குள் போட்ட மூன்றாம் மாதமே அடிபட்டது. அந்தக் கதை படி 6-ல் வருகிறது. அவசரமாகப் படிப்பவர்கள் அதை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

அமெரிக்க காமிக்ஸ்களை வைத்தே சொல்கிறேன். தரம் பார்க்கும் அளவுகோல் அங்கேதான் உருவானது. ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட்டின் விலைக் கையேடு 1970-ல் வந்தது. புத்தகத்தைத் தரம் பார்த்து பிளாஸ்டிக் கூட்டுக்குள் மூடித் தரும் சிஜிசி நிறுவனம் 2000-ல் தொடங்கியது. இன்று எல்லோரும் பேசும் 10 புள்ளிக் கணக்கு பரவியது அதன் பிறகுதான்.

படி 1: மேஜையும் விளக்கும்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் போக நன்றாகத் துடையுங்கள். வெள்ளைப் பருத்திக் கையுறை வேண்டாமா என்றால், என் ஓட்டு வெறுங்கைக்குத்தான். உறை போட்ட விரலுக்குத் தாளின் விளிம்பு தெரியாது. பக்கம் புரட்டும்போது மடங்கிக் கிழிவது அதனால்தான். மேஜையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்துக்கொள்ளுங்கள். ஏதாவது உதிர்ந்தால் அதில் தெரியும்.

விளக்குதான் முக்கியம். கழுத்து வளையும் மேஜை விளக்கைப் புத்தகத்துக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட மேஜை மட்டத்துக்குத் தாழ்த்தி வையுங்கள். ஒளி சாய்வாக விழும்போது அட்டையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் நிழல் போட்டுக் காட்டிக்கொடுக்கும். நேர் வெளிச்சத்தில் பளபளவென்று இருந்த ஓர் அட்டையில், விளக்கைத் தாழ்த்தியதும் வரிவரியாக எழுத்துகள் எழும்பின. யாரோ அதன் மேல் தாளை வைத்து ஏதோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். கூட்டல் குறிகூடத் தெரிந்தது.

படி 2: முதுகு

புதிதாக வருபவர்கள் எல்லோரும் முதலில் அட்டைப்படத்தைப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். நீங்கள் முதுகிலிருந்து தொடங்குங்கள். ஸ்டேப்ளர் பின் குத்திய இடங்களைச் சுற்றிக் குறுக்கே சிறுசிறு கோடுகள் இருக்கும். புத்தகத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அட்டை அங்கேதான் இழுபடுகிறது. அந்தக் கோட்டை விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பாருங்கள். வெறும் மடிப்புத் தடம் மட்டும் இருந்தால் பாதகமில்லை. மை விரிசல் விட்டு உள்ளே வெள்ளைத் தாள் எட்டிப் பார்த்தால் அது நிறம் உடைந்த கோடு. புள்ளி குறைப்பது அதுதான். கறுப்பு, அடர்சிவப்பு அட்டைகளில் இது தூரத்திலிருந்தே தெரியும். வெள்ளை அட்டையில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதனால் வெள்ளை அட்டைக்காரர்களை நம்பாதீர்கள்.

நிறம் உடையாத மடிப்புகளை வெப்பமும் ஈரப்பதமும் கொடுத்து அழுத்தி நிமிர்த்துபவர்கள் இருக்கிறார்கள். சிஜிசி அதைப் பழுதுபார்த்ததாகக் கணக்கில் எடுப்பதில்லை. அதற்காக வீட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்துவிடாதீர்கள். அட்டையின் பளபளப்பு போய்விட்டால் திரும்ப வராது.

படி 3: உள்ளே

தொண்ணூறு பாகைக்கு மேல் விரிக்காமல், அட்டைக்கு அடியில் கையைக் கொடுத்துத் திறங்கள். பக்கங்களை எண்ணுங்கள். அட்டையை விட்டு 32 பக்கம் என்றால் எட்டுத் தாள்களை நடுவில் மடித்துப் பின் அடித்திருப்பார்கள். நடுத்தாள் இரண்டு பின்களிலும் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். அது கழன்று வெறுமனே செருகி வைத்திருந்தால், எண்ணிக்கை சரியாக வந்தாலும் புத்தகம் சரியில்லை.

அடுத்து, கத்தரிக்கோல் விளையாடியிருக்கிறதா என்று பாருங்கள். 1970-களின் நடுவில் மார்வெல் பதிப்பகம் தன் இதழ்களில் வெட்டி ஒட்டச் சொல்லிச் சிறு ஸ்டாம்புப் படங்களை அச்சிட்டது. சிறுவர்களும் சொன்னபடி வெட்டினார்கள். வுல்வரின் என்ற நாயகன் முழுமையாகத் தோன்றிய முதல் இதழான ஹல்க் 181-ஆம் இதழ் (நவம்பர் 1974) அப்படி வெட்டுப்பட்டே நிறையக் கிடைக்கிறது. வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ஒரு வெட்டு தரத்தை அடிமட்டத்துக்கு இழுத்துவிடும்.

பிறகு தாளின் நிறம். வெள்ளை, வெள்ளை போன்றது, க்ரீம், பழுப்பு என்று இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் சருகு போல நொறுங்கும் நிலை. இந்தக் காகிதம் மரத்தை அப்படியே அரைத்துச் செய்தது. அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் காற்றும் ஒளியும் பட்டு நிறம் மாறுகிறது. கூடவே உருவாகும் அமிலம் நாரை அறுக்கிறது. விளிம்பில் தொடங்கி உள்நோக்கி வரும். அதனால் நடுவை மட்டும் பார்த்து வெள்ளை என்று எழுதிவிடாதீர்கள்.

படி 4: எண் போடுவது

0.5 புவர், 1.0 ஃபேர், 2.0 குட், 4.0 வெரி குட், 6.0 ஃபைன், 8.0 வெரி ஃபைன், 9.4 நியர் மின்ட், 10 ஜெம் மின்ட். ‘குட்’ என்ற பெயரைப் பார்த்து மயங்காதீர்கள், 2.0 என்பது நன்றாக அடிபட்ட புத்தகம், முழுதாகப் படிக்கலாம், அவ்வளவுதான். 9.8-க்கும் 9.6-க்கும் வித்தியாசம் பெரும்பாலும் ஒரு சின்னக் கோடு அல்லது லேசாக மழுங்கிய ஒரு மூலை. முதலில் ஒரு தாளில் குறைகளை மட்டும் எழுதுங்கள், எண்ணைக் கடைசியில் போடுங்கள். எண்ணை முதலில் மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் கண் அதற்கு ஏற்ற மாதிரிதான் பார்க்கும். நம் சொந்தப் புத்தகத்துக்கு நாம் போடும் எண்ணில் அரைப் புள்ளி பாசம் இருக்கும், அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

பழுதுபார்த்த புத்தகம் தனிக் கணக்கு. நிறம் உடைந்த இடத்தில் பேனாவால் மை தடவியிருந்தால் அட்டையின் உள்பக்கம் ஊறியிருக்கும். புற ஊதா விளக்கில் அந்த இடம் வேறு நிறத்தில் தெரியும். விளிம்பு கத்தி போலக் கூர்மையாக, அளவு வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தால் யாரோ ஓரம் வெட்டியிருக்கலாம். சிஜிசி இப்படிப் பழுதுபார்த்தவற்றுக்கு ஊதா லேபிள் ஒட்டும்.

படி 5: கவரும் போர்டும்

அளவு பாருங்கள். 1940-களின் புத்தகங்கள் சுமார் ஏழே முக்கால் அங்குல அகலம். இப்போது வருபவை ஆறரைக்குச் சற்று மேல். இப்போதைய கவரில் பழையதைத் திணித்தால் மூலை நான்கும் போச்சு.

கவர் மூன்று வகை: பாலிஎத்திலீன், பாலிப்ரோப்பிலீன், மைலார் என்று எல்லோரும் சொல்லும் பாலியெஸ்டர். முதல் இரண்டும் மலிவு. ஆனால் சில வருடங்களில் மங்கி, சுருங்கி, மஞ்சளாகும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல புத்தகத்துக்கு மைலாரைத் தவிர வேறு எதையும் நான் போடுவதில்லை. கையில் எடுத்தாலே தெரியும்: கண்ணாடி போலத் தெளிவு, மடக்கினால் சடசடவென்று சத்தம், வாசனையே இருக்காது. புது மழைக்கோட்டு வாசனை அடித்தால் அது பிவிசி பிளாஸ்டிக். பக்கத்தில்கூட வைக்காதீர்கள், அதிலிருந்து கசியும் பொருள் மையோடு ஒட்டிக்கொள்ளும்.

போர்டு என்பது கவருக்குள் புத்தகத்தின் பின்னால் செருகும் தடித்த அட்டை. அது அமிலமில்லாததாக, கால்சியம் கார்பனேட் சேர்த்ததாக இருக்க வேண்டும். சாதாரண அட்டையை வெட்டிச் செருகினால் அதன் அமிலம் நேரே பின்னட்டைக்குப் போகும்.

படி 6: செல்லோடேப்

கவரின் வாய்மடலைப் பின்பக்கம் மடித்து ஒரு துண்டு டேப் ஒட்டுவதுதான் வழக்கம். நானும் ஒட்டினேன். மூன்று மாதம் கழித்து, நண்பருக்குக் காட்டலாம் என்று டேப்பின் கீழ்ப்பாதியைக் கவரிலிருந்து உரித்தேன். மேல்பாதி மடலோடு இருந்தது. மடல் நிமிர்ந்தது, டேப்பின் பசைப்பக்கம் கவரின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் பேசிக்கொண்டே புத்தகத்தை உருவினேன். மெல்லிய ‘சர்ர்’ சத்தம். பின்னட்டை விளம்பரத்தின் நீலத்தில் ஒரு துண்டு இப்போது டேப்பில் இருந்தது. இழுக்காமல் நிறுத்தியிருந்தாலாவது கொஞ்சம் தப்பித்திருக்கும். பதறிப்போய் இழுத்தேன்.

அதனால் இப்போது என் முறை இதுதான். மைலாரில் மடலைப் போர்டுக்குப் பின்னால் உள்ளே செருகிவிடுகிறேன், டேப்பே கிடையாது. டேப் ஒட்டியே ஆக வேண்டிய கவரில், ஒரு முனையை அரை அங்குலம் உள்ளே மடித்துக் கைப்பிடி மாதிரி விடுகிறேன். எடுக்கும்போது டேப்பை முழுதாக உரித்து மேஜை விளிம்பில் ஒட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் புத்தகத்தைத் தொடுகிறேன். புத்தகத்தைத் தனியாக உருவாமல் போர்டோடு சேர்த்து உருவுங்கள். பின்னட்டைக்குப் போர்டு கேடயமாக இருக்கும்.

இதே டேப்பைக் கிழிசலில் ஒட்டுவதைப் பற்றி ஒரே வரி: ஒட்டாதீர்கள். பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்பாகும், எடுக்கவும் முடியாது.

படி 7: பெட்டி

நிற்க வைத்து அடுக்குங்கள். சாயாத அளவுக்கு நெருக்கம், விரல் நுழையும் அளவுக்குத் தளர்வு. தரையில் நேராக வைக்காதீர்கள், சில அங்குலம் உயரத்தில் வையுங்கள். பரண் வேண்டாம், வெளிச்சுவர் ஓரமும் வேண்டாம். வெப்பநிலை 20 டிகிரிக்கு அருகில், ஈரப்பதம் 35-லிருந்து 50 சதவீதத்துக்குள். எண்ணைவிட நிலையாக இருப்பது முக்கியம், ஏறி இறங்கும்போது தாள் உப்பிச் சுருங்கும். ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கிப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிடுங்கள்.

குளிர்ச்சியும் வறட்சியும் என்ன செய்யும் என்பதற்கு எட்கர் சர்ச் சேகரிப்பைவிட நல்ல சாட்சி கிடையாது. அமெரிக்காவின் கொலராடோவில் அவர் வீட்டில் காற்றுப் புகாத அளவுக்கு நெருக்கமாக அடுக்கி வைத்திருந்த ஆயிரக்கணக்கான இதழ்களை 1977-ல் காமிக்ஸ் வியாபாரி சக் ரோசான்ஸ்கி வாங்கினார். 1930, 40-களின் புத்தகங்கள், உள்ளே தாள் வெள்ளை. மைலாரும் இல்லை, போர்டும் இல்லை. உங்கள் ஊர் கொலராடோ இல்லையென்றால் படி 5-ஐத் தவிர்க்க முடியாது.

சுவரில் மாட்டி அழகு பார்க்க ஆசையா? நல்ல வண்ண நகல் ஒன்றை எடுத்து அதை மாட்டுங்கள்.

பின் சேர்க்கை: போர்டின் எந்தப் பக்கம் புத்தகத்தை ஒட்டி வர வேண்டும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். எனக்கு இது தெரிந்தே இருந்ததால் எழுத விட்டுப்போய்விட்டது. ஒரு பக்கம் மட்டும் பூச்சு உள்ள போர்டு என்றால் பளபளப்பான பக்கம் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். அமிலத்தைத் தாங்கும் பூச்சு அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

இன்னொன்று: துருப்பிடித்த பின்னைக் கழற்றிப் புதிது போட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். பின் மாற்றினால் அதுவும் பழுதுபார்த்த கணக்கில் போய்விடலாம். துரு தாளுக்குப் பரவாதிருக்க ஈரப்பதத்தைக் குறையுங்கள், பின்னைத் தொடாதீர்கள்.

மூன்றாவது, பூச்சி. வாங்கி வந்த புத்தகக் கட்டுக்குள் வெள்ளிப்பூச்சி தெரிந்தால் மருந்து அடிக்க வேண்டாம். கட்டை முழுதாக ஜிப் பையில் போட்டுக் காற்றை அழுத்தி எடுத்து, மைனஸ் 20 டிகிரி வரை போகும் ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடாதீர்கள். ஒரு முழு நாள் அப்படியே இருக்கட்டும், இல்லையென்றால் குளிர்ந்த அட்டையில் நீர் கோத்துக்கொள்ளும்.