புகழ்பெற்ற கலைஞரின் பழைய மின்கிட்டார்களைச் சரிபார்ப்பது எப்படி

புகழ்பெற்ற இசைக்கலைஞர் ஒருவரின் சேகரிப்பு ஏலத்துக்கோ காப்பீட்டுக்கோ அருங்காட்சியகத்துக்கோ போகும்போது, அதிலுள்ள ஒவ்வொரு மின்கிட்டாரைக் குறித்தும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே விசாரிக்க வேண்டும். சொல்லப்படும் ஆண்டில், சொல்லப்படும் ஆலையில் செய்யப்பட்டதுதானா என்பது முதல் கேள்வி. அந்தக் கலைஞர் வாசித்தது இதே கிட்டார்தானா என்பது இரண்டாவது. ஒன்றுக்குக் கிடைத்த விடையை மற்றதற்கும் விடையாக எடுத்துக்கொள்வதுதான் இத்துறையில் மிக அதிகமாக நடக்கும் பிழை.

கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனின் 'பிளாக்கி' என்னும் கிட்டார் இதற்கு நல்ல சான்று. அவர் 1970-ல் நாஷ்வில் நகரத்துக் கடையொன்றில், ஃபெண்டர் நிறுவனத்தின் மாதிரியான ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பழையவை ஆறு வாங்கி, மூன்றை ஜார்ஜ் ஹாரிசன், பீட் டவுன்ஷெண்ட், ஸ்டீவ் வின்வுட் ஆகியோருக்குக் கொடுத்துவிட்டு, எஞ்சிய மூன்றின் சிறந்த பாகங்களைக் கொண்டு ஒரே கிட்டாரை அமைத்துக்கொண்டார். முதல் கேள்வியை மட்டும் கேட்பவர், பாகங்களின் காலம் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று அதை ஒதுக்கிவிடுவார். ஆனால் அந்தக் கலவைதான் அதன் அடையாளம். 2004-ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 9,59,500 டாலருக்கு விற்றது.

கிட்டார் கைக்கு வந்ததும் அதைத் துடைக்கக் கூடாது, கம்பிகளை மாற்றக் கூடாது, பெட்டியிலுள்ள தாள்களையும் பழைய பட்டைகளையும் அப்புறப்படுத்தக் கூடாது. வந்த நிலையிலேயே எல்லாப் பக்கங்களையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, எடையையும் முக்கிய அளவுகளையும் குறித்துக்கொண்ட பிறகே திருகுளியைத் தொட வேண்டும். வியர்வை படிந்த அழுக்கும், தேய்ந்த இடமும், சிகரெட் சுட்ட தழும்பும் பின்னால் சாட்சி சொல்லப் போகின்றவை. கிளாப்டனின் இன்னொரு கிட்டாரான 'பிரவுனி'யின் தலைப்பகுதியில் இருக்கும் தீய்ந்த தடத்தை யாரேனும் நல்லெண்ணத்தோடு சுரண்டி எடுத்திருந்தால், ஈடு செய்ய முடியாத ஒரு சான்று அழிந்திருக்கும்.

வரிசை எண்ணிலிருந்து தொடங்குவது வழக்கம். அதை நம்பி அங்கேயே நிறுத்திவிடுவதுதான் ஆபத்து. பழைய ஃபெண்டர் கிட்டார்களில் அந்த எண் பெரும்பாலும் கழுத்தை உடலோடு இணைக்கும் உலோகத் தகட்டில் இருக்கிறது. நான்கு திருகுகளைக் கழற்றினால் தகட்டை மாற்றிவிடலாம் என்பதால், அந்த எண் தகட்டுக்கு மட்டுமே உரியது, கிட்டாருக்கு உரியது அன்று. அசலான தகட்டிலும் எண்கள் உற்பத்தி வரிசைப்படி போகவில்லை. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மோர் வைத்திருந்த 1954-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டோகாஸ்டரின் எண் 0001. ஆயினும் அது ஆலையிலிருந்து வெளிவந்த முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் அன்று. கிப்சன் நிறுவனத்தின் 'லெஸ் பால்' மாதிரியில், 1950-களின் கிட்டார்களில் தலைப்பகுதியின் பின்புறத்தில் மையால் முத்திரையிட்டிருப்பார்கள். முதல் இலக்கம் ஆண்டைக் குறிக்கும். அந்த மை, மேற்பூச்சான லாக்கரோடு சேர்ந்து மூப்படைந்திருக்கிறதா, அல்லது சுரண்டப்பட்ட பரப்பின் மேல் புதிதாக உட்கார்ந்திருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும்.

வரிசை எண்ணைவிட நம்பத்தக்க தேதிகள் உள்ளே இருக்கின்றன. ஃபெண்டரின் கழுத்து அடிப்பகுதியில் 1962-ன் தொடக்கம் வரை பென்சிலால் தேதி எழுதினார்கள். அதன் பிறகு மை முத்திரை வந்தது. கழுத்தைக் கழற்றித்தான் இதைப் பார்க்க முடியும் என்பதால், ஒருமுறை கழற்றும்போதே தேவையான எல்லாப் படங்களையும் எடுத்துவிடுங்கள். திரும்பத் திரும்பக் கழற்றினால் மரத்திலுள்ள திருகுத் துளைகள் தளர்ந்துவிடும். அடுத்து, ஒலியளவையும் தொனியையும் மாற்றும் குமிழ்களின் அடியிலுள்ள மின்தடைப் பாகங்களான வால்யூம், டோன் பாட்களின் முதுகு. அதில் பொறித்த எண்ணில் முதல் மூன்று இலக்கங்கள் தயாரிப்பாளரைக் குறிக்கும்: 137 என்றால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்து ஆண்டு, கடைசி இரண்டு இலக்கங்கள் வாரம். 3046320 என்று இருந்தால் ஸ்டாக்போல் நிறுவனம் 1963-ன் இருபதாவது வாரத்தில் செய்தது. 1950-களில் ஆண்டுக்கு ஒரே இலக்கம்தான் என்பதால் மொத்தம் ஆறு இலக்கங்கள் இருக்கும்.

இந்த எண் சொல்வது, கிட்டார் அந்த வாரத்துக்கு முன்னால் முடிந்திருக்க முடியாது என்பதை மட்டுமே. 1965 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனம் ஃபெண்டரை வாங்கிய பிறகு பாட்களை மொத்தமாக வாங்கி அடுக்கியதால், 1966-ஆம் ஆண்டுப் பாட்கள் 1960-களின் இறுதிவரை வந்த கிட்டார்களில் காணப்படுகின்றன. அது குறையன்று. மாறாக, 1962 என்று சொல்லப்படும் கிட்டாரில் 1964-ஆம் ஆண்டுப் பாட் இருந்தால், ஒன்று பாட் மாற்றப்பட்டிருக்க வேண்டும், அல்லது ஆண்டு தவறாக இருக்க வேண்டும். எது என்பதை, கம்பிகளை ஈயம் உருக்கிப் பற்றவைத்த சால்டரிங்கே சொல்லிவிடும். ஆலையில் வைத்த பற்று மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருக்கும். மறுபடி சூடேறிய இடத்தில் புதுப் பளபளப்போ, இரண்டு அடுக்காக ஏறிய ஈயமோ, கருகிய துணியுறைக் கம்பியோ தெரியும். சந்தேகம் தீர்ப்பதற்காகக்கூட அந்தப் பற்றுகளை உருக்கிப் பார்க்காதீர்கள்.

கம்பியின் அதிர்வை மின்குறிகையாக மாற்றும் பாகமான பிக்கப்பில், கிப்சன் கிட்டார்களைப் பொறுத்தவரை ஒரு சுவையான பொறி இருக்கிறது. சேத் லவர் வடிவமைத்த இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கரின் அடியில் முதலில் 'காப்புரிமை கோரப்பட்டுள்ளது' என்னும் பொருளில் ஆங்கிலச் சீட்டு ஒட்டினார்கள். அந்த ஆங்கிலச் சொற்களின் (Patent Applied For) முதலெழுத்துகளால் 'பிஏஎஃப்' என்று சேகரிப்பாளர்கள் மதித்துப் பேசுவது இதைத்தான். பின்னர் 1962 வாக்கில் வந்த சீட்டில் 2,737,842 என்ற எண் அச்சானது. அந்த எண் பிக்கப்புக்கு உரியதே அன்று. கிட்டார் கலைஞர் லெஸ் பால் பெயரில் இருந்த கம்பிதாங்கி ஒன்றின் காப்புரிமை எண். ஆகவே எண் தவறாக இருப்பதைக் கண்டு பிக்கப்பைப் போலி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. போலிச் சீட்டுகள் எளிதில் கிடைப்பதால், சீட்டைவிட, சுருள் சுற்றும் உருளையான பாபினின் அச்சுத் தடங்களையும், அடித்தகட்டின் கால்களிலுள்ள கருவித் தழும்புகளையும், சுருள் கம்பியின் நிறத்தையும் அதிகம் நம்பலாம்.

அடுத்தது பூச்சு. மிக அதிகமான பணம் கைமாறுவதும், மிக அதிகமான ஏமாற்று நடப்பதும் இங்கேதான். 1958 முதல் 1960 வரை வந்த, ஓரத்தில் அடர்ந்து நடுவில் வெளுக்கும் 'சன்பர்ஸ்ட்' வண்ண லெஸ் பால்களின் சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் வெளிறும் இயல்புடையது. பிக்கப் சட்டத்தின் அடியிலும் உடலைக் கீறலிலிருந்து காக்கும் தகடான பிக்கார்டின் நிழலிலும் பழைய சிவப்பு எஞ்சியிருக்க, வெளிப்பரப்பு தேன் நிறத்துக்கோ எலுமிச்சை நிறத்துக்கோ இறங்கியிருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே நிறம் என்றால் கவனியுங்கள். 1950-களின் தங்கநிற லெஸ் பாலைச் சுரண்டி சன்பர்ஸ்டாக மாற்றி விற்பது பழைய தந்திரம். அசல் சன்பர்ஸ்டின் மேப்பிள் மேற்பலகை நடுக்கோட்டில் இணைந்த இரண்டு துண்டுகளாலானது. தங்க வண்ணத்தின் அடியில் மறைந்திருந்த பலகைகளில் பல, இணைப்பு நடுவில் விழாதவையாகவோ மூன்று துண்டுகளாகவோ இருக்கும். கழுத்து விளிம்பில் விரற்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியான ஃபிரெட் ஒவ்வொன்றின் முனையிலும் சிறு மேடு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபிரெட்டுகளை மாற்றும்போது பெரும்பாலும் அது மழிந்துவிடும்.

ஃபெண்டரில் ஆணித் துளைகளைத் தேட வேண்டும். 1964 வரை உடலில் சிறு ஆணிகள் அடித்து, அவற்றின் மேல் நிறுத்தி வண்ணம் தெளித்தார்கள். ஆணியைப் பிடுங்கிய துளைக்குள் வண்ணம் இருக்காது. துளைக்குள் வண்ணம் இறங்கியிருந்தாலோ, துளையே மூடியிருந்தாலோ, பிறகு எப்போதோ மறுபடி பூசியிருக்கிறார்கள். இருட்டறையில் புற ஊதா விளக்கை அடித்தால் முதிர்ந்த நைட்ரோ லாக்கர் பொதுவாகப் பசுமை கலந்த மஞ்சளாக ஒளிரும். அண்மையில் தெளித்த இடம் வேறு நிறத் திட்டாகப் பிரிந்து நிற்கும். உடைந்து ஒட்டிய தலைப்பகுதி இவ்வாறுதான் பெரும்பாலும் வெளிப்படுகிறது. பேரேலத்துக்குப் போகும் கருவி என்றால் எக்ஸ்ரே எடுப்பதும் தகும். மரம் வைத்து அடைத்த குழிகளை அது காட்டிவிடும்.

இனி இரண்டாவது கேள்வி. இதற்கு மரத்தின் இழையைவிட வலுவான சாட்சி இல்லை. கைரேகையைப் போல எந்த இரண்டு பலகையிலும் அது ஒன்றாக அமைவதில்லை. 1965 ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாப் டிலன் வாசித்த ஸ்ட்ராட்டோகாஸ்டர், ஒரு தனி விமானத்தில் விட்டுப்போனதாகச் சொல்லப்பட்டு விமானியின் குடும்பத்தில் பல்லாண்டுகள் இருந்தது. 2012-ல் அது ஆராயப்பட்டபோது, விழாவில் எடுத்த நெருக்கமான வண்ணப் படங்களிலுள்ள ரோஸ்வுட் விரற்பலகையின் இழையையும் உடல் மரத்தின் இழையையும் கையிலிருந்த கிட்டாரோடு வரி வரியாக ஒப்பிட்டார்கள். பெட்டியின் மேல் டிலனின் நிறுவனப் பெயர் அச்சிட்டிருந்தது துணைச் சான்று மட்டுமே, ஏனெனில் பெட்டிக்குள் எந்தக் கிட்டாரையும் வைக்கலாம். 2013 டிசம்பரில் அது 9,65,000 டாலருக்கு ஏலம்போனது.

நீங்களும் இவ்வாறே செய்ய வேண்டும். படம் எடுத்த தேதி உறுதியான, தெளிவு மிக்க ஒளிப்படங்களைத் தேடிப் பெற்று, விரற்பலகையில் பதித்த புள்ளிக்கு அருகிலுள்ள இழைக்கீற்று, சன்பர்ஸ்டின் ஓரத்தில் ஓடும் கணு, ஆழமான அடி எனக் குறைந்தது சில இடங்களையாவது தனித்தனியே பொருத்திக் காட்டுங்கள். நெகடிவைத் திருப்பி அச்சிட்ட படங்கள் ஏராளம் என்பதால், முதலில் சட்டைப் பொத்தானையும் பின்னணி எழுத்தையும் பார்த்துத் திசையை உறுதிசெய்யுங்கள். வலக்கைக் கிட்டாரை இடக்கையால் தலைகீழாகப் பிடித்த ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் படங்களில் இது மிகவும் குழப்பும்.

கூடவே, ஒவ்வொரு ஆண்டுக்கும் என்னென்ன மாற்றங்கள் நிகழ்ந்தன என்று ஓர் அட்டவணை போடுங்கள். கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரில் கழுத்துகளும் பிக்கப்களும் மாறின, கூடுதல் சாக்கெட்டுக்காகத் துளை போட்டுப் பின் அடைத்தார்கள், கம்பிகளின் சுருதியை அசைக்கும் டிரெமலோ அமைப்பு வேறொன்றை வைத்துப் பிறகு அகற்றினார்கள். ஒரு நகலில் அந்த மாற்றங்கள் எல்லாம் ஒரே நாளில் செய்யப்பட்டவை போல் தோன்றும். அசலில் ஒன்றின் மேல் ஒன்றாக, படங்களில் காணும் அதே வரிசையில் படிந்திருக்கும். 2019-ல் அது 39,75,000 டாலருக்குப் போனபோது வாங்கியவர் மதித்தது அந்தத் தழும்புகளையும் சேர்த்துத்தான். பீட்டர் ஃபிராம்ப்டனின் 1954-ஆம் ஆண்டு லெஸ் பால் கஸ்டம் 1980-ல் வெனிசுவேலாவில் சரக்கு விமான விபத்தில் அழிந்ததாகக் கருதப்பட்டு, 2011-ல் அவரிடம் திரும்பியது. இரண்டே பிக்கப்களோடு வந்த மாதிரியில் மூன்று ஹம்பக்கர்களுக்காக வெட்டிய குழிகளும், தீயின் கருகல்களும் அதை அடையாளம் காட்டின.

ஆவணங்களில், வெளிநாட்டுப் பயணத்தின்போது சுங்கத்துக்காகத் தயாரித்த கருவிப் பட்டியல் மிக உயர்ந்தது. விற்கும் எண்ணமின்றி, அந்தந்தக் காலத்தில், வரிசை எண்ணோடு எழுதியது அது. பழைய காப்பீட்டுப் பட்டியலும் பழுதுபார்த்தவரின் ரசீதும் அடுத்து வரும். கலைஞரின் கையொப்பம் அவர் கையொப்பமிட்டார் என்பதற்கு மட்டுமே சான்று. திருட்டுப் புகார்களையும் தேடாமல் விடாதீர்கள்: 1972-ல் லண்டனில் திருடுபோன பால் மெக்கார்ட்னியின் ஹாஃப்னர் பேஸ் கிட்டார், ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்து உரியவரிடம் சேர்ந்தது.

அறிக்கையில் 'அசல்' என்ற ஒற்றைச் சொல்லை எழுதாதீர்கள். உடல், கழுத்து, பிக்கப், பாட், பூச்சு, உலோக பாகங்கள் ஒவ்வொன்றுக்கும் நீங்கள் கண்டதையும் அதிலிருந்து பெற்ற முடிவையும் தனித்தனியே எழுதுங்கள். கலைஞரோடுள்ள தொடர்பை 'படத்தோடு பொருந்துகிறது', 'ஆவணத்தில் உள்ளது', 'உரிமையாளர் கூற்று மட்டும்' என்று பிரித்துக் காட்டி, ஒவ்வொரு வரிக்கும் எந்தப் படம், எந்தத் தாள் என்று எண்ணிட்டு இணையுங்கள். அடுத்து வரும் ஆய்வாளர் உங்கள் சொல்லை நம்பாமலே அதே சான்றுகளைத் திறந்து பார்க்க முடிய வேண்டும்.