பையர் 'ஓகே' சொன்னா சம்மதம்னு அர்த்தமில்லீங்

பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலைக்கு, அதாவது ஆர்டர் கொடுக்கிற பையரோடு (வாங்குபவரோடு) பேசி உற்பத்தியைக் கவனிக்கிற வேலைக்கு, புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: பையர் மெயிலில் 'ஓகே' என்று பார்த்ததும் சாயப்பட்டறைக்குப் போன் போடாதீர்கள்.

நான் போட்டேன். திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்த புதிது. லேப் டிப், அதாவது நிறம் பார்ப்பதற்காகச் சாயம் போட்ட சின்னத் துணி மாதிரிகளை, ஆப்ஷன் ஏ, பி என்று பெயரிட்டு அனுப்பியிருந்தோம். "ஓகே, பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்று பதில் வந்தது. முதல் வார்த்தையோடு நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். துணி சாயத்துக்குள் இறங்கி நாலு நாள் கழித்து அடுத்த மெயில்: நீலம் இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக வேண்டுமாம். முதலாளி திட்டியதை இங்கே எழுத முடியாது.

அந்த ஓகேக்கு 'மெயில் வந்து சேர்ந்தது' என்பதற்கு மேல் அர்த்தமில்லை. நம்ம ஊர் 'சரிங்' மாதிரிதான். பொண்ணு பார்த்துவிட்டுப் போகிறவர்கள் "சரிங், கலந்து பேசிட்டுச் சொல்றோமுங்" என்றால் அன்றைக்கே மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்போமா? சம்மதம் வேண்டுமென்றால், "ஆப்ஷன் பி அப்ரூவ்டு" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

'குவாலிட்டி ஓகே' என்று வந்தாலும் துள்ளிக் குதிக்காதீர்கள். விருந்தில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் "பரவால்லீங்" என்பார்களே, பல நேரம் அந்த அளவுதான்.

இந்தச் சொல் பிறந்த கதையிலும் ஒரு தவறு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் யாரும் சாகாத நாளில் 'ஜீரோ கில்டு' (0 Killed) என்று எழுதிப்போட்டார்களாம், ஜீரோவை 'ஓ' என்று படித்த அதன் சுருக்கமாம். அந்தப் போர் தொடங்கியதே 1861-இல். ஓகேயோ 1839 மார்ச் 23-ஆம் தேதியே பாஸ்டன் நாளிதழ் ஒன்றில் அச்சாகிவிட்டது. வேண்டுமென்றே தப்பாக எழுதிச் சுருக்குவது அப்போது அங்கே ஒரு கேலி வழக்கம். 'ஆல் கரெக்ட்' என்பதை 'ஓல் கொரெக்ட்' (oll korrect) ஆக்கி, அதன் முதலெழுத்துகளைப் போட்டார்கள். மறு வருடத் தேர்தலில் அதிபர் மார்ட்டின் வான் பியூரனை, சொந்த ஊரை வைத்து 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்று ஆதரவாளர்கள் கொண்டாட, அதுவும் ஓகே ஆனது. மனிதர் தோற்றுவிட்டார்; சொல் ஊரெல்லாம் பரவியது. 1960-களில் ஆலன் வாக்கர் ரீட் என்ற அமெரிக்க மொழி ஆய்வாளர் பழைய பத்திரிகைகளைத் துருவி இதையெல்லாம் வெளியே எடுத்தார்.

OK என்று இரண்டு எழுத்தா, okay என்று நான்கு எழுத்தா என்று குழம்ப வேண்டாம், ஆங்கிலத்தில் இரண்டும் சரி. ஒற்றைக் 'கே' மட்டும் தட்டிவிடுவது தம்பியோடு இருக்கட்டும். பையருக்கு அது சுருக்கென்று தைக்கும்.