டெட்ராய்ட் கோனி டாக்: சாஸில்தான் எல்லாம்

ஆவியில் சூடேற்றிய பன், கல்லில் வாட்டிய சாசேஜ், மேலே பீன்ஸ் போடாத சில்லி சாஸ், ஒரு கோடு மஞ்சள் கடுகு சாஸ், கைநிறைய வதக்காத நறுக்கிய வெங்காயம். இதுதான் கோனி டாக். கெச்சப் கேட்டால் டெட்ராய்ட்காரர்கள் முறைப்பார்கள்.

பெயருக்குக் காரணமான கோனி ஐலண்ட் நியூயார்க்கின் கடற்கரைக் கேளிக்கைப் பகுதி. ஆனால் இந்த உணவு வளர்ந்தது டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தில். நியூயார்க் வழியாக வந்திறங்கிய கிரேக்கர்களும் மாசிடோனியர்களும் உள்நாட்டு நகரங்களில் கடை போட்டபோது அந்தப் பெயரையும் கூடவே கொண்டுபோனார்கள். கிரீஸிலிருந்து வந்த கஸ் கெரோஸ் 1917-ல் டெட்ராய்டில் அமெரிக்கன் கோனி ஐலண்ட் என்ற கடையைத் தொடங்கினார். பிறகு அவருடைய சகோதரர் பில் பக்கத்திலேயே லஃபாயெட் கோனி ஐலண்டைத் திறந்தார். எது உசத்தி என்று ஊருக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. நேரமும் நல்லதாக அமைந்தது. 1914-ல் டெட்ராய்ட் பகுதியின் ஃபோர்டு கார் கம்பெனி நாளுக்கு 5 டாலர் கூலி என்று அறிவித்ததும் வேலை தேடி ஆட்கள் குவிந்தார்கள். ஷிஃப்ட் முடித்து வருகிறவர்களுக்குச் சில்லறைக் காசில் வயிறு நிறைய வேண்டும், அதுவும் உடனே வேண்டும்.

கடைகளின் மசாலாக் கலவை குடும்ப ரகசியம். கீழே இருப்பது வீட்டு முறை, 8 பேருக்கு.

சாஸுக்கு: கொழுப்போடு கூடிய மாட்டு கொத்துக்கறி 500 கிராம், தண்ணீர் 2 கப், பெரிய வெங்காயம் 1, பூண்டு 4 பல், தக்காளி பேஸ்ட் 2 மேசைக்கரண்டி, காஷ்மீரி மிளகாய்த்தூள் 1 மேசைக்கரண்டி, சீரகத்தூள் 2 தேக்கரண்டி, ஓரிகானோ அரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள், உப்பு, உப்பு பிஸ்கட் 4. மாடு சாப்பிடாதவர்கள் ஆட்டு கொத்துக்கறி எடுக்கலாம். சிக்கன் வேண்டாம், கொழுப்பு போதாது, சாஸ் வறண்டுபோகும்.

1. கறியைக் கரைப்பது. எண்ணெயில் வதக்கக் கூடாது. வதக்கினால் கறி உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொள்ளும், பிறகு எவ்வளவு கிளறினாலும் உடையாது. பச்சைக் கறியைப் பாத்திரத்தில் போட்டு, குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, கையாலேயே பிசையுங்கள். தண்ணீர் கலங்கி, கட்டி ஒன்றுகூட விரலில் தட்டாமல் போகும்வரை பிசைய வேண்டும். அதன் பிறகுதான் அடுப்பு.

2. கொதிக்கவிடுவது. மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். கொதி வந்ததும் பொடியாக நறுக்கிய வெங்காயம், நசுக்கிய பூண்டு, தக்காளி பேஸ்ட், மசாலா, உப்பு எல்லாவற்றையும் சேர்த்து, சிறுதீயில் ஒரு மணி நேரம் விடுங்கள். ஓரத்தில் சிவப்பு எண்ணெய் மிதக்கும். அதை எடுத்துவிடாதீர்கள், சுவையே அதில்தான். சிட்டிகை பட்டைத்தூள் போட்டால் கிரேக்கர்களின் கறிக்குழம்பு வாசம் எட்டிப் பார்க்கும். எனக்குப் பிடிக்கும், கட்டாயமில்லை. கடைசியில் பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டு ஐந்து நிமிடம். கரண்டியிலிருந்து சாஸ் சொட்டக் கூடாது, தொப்பென்று விழ வேண்டும்.

3. சாசேஜ். இயற்கைத் தோல் போட்ட சாசேஜ் கிடைத்தால் விடாதீர்கள். கடிக்கும்போது வரும் ‘படக்’ சத்தம் மற்றதில் வராது. தோசைக்கல்லில் லேசாக எண்ணெய் தடவி, உருட்டி உருட்டித் தோல் இறுகிப் பளபளக்கும்வரை வாட்டுங்கள். தீ கூடினால் தோல் வெடித்துச் சாறெல்லாம் கல்லில் போய்விடும்.

4. பன். இட்லிப் பானையில் துணி விரித்து ஒரு நிமிடம். அதற்கு மேல் விட்டால் நைந்துவிடும்.

5. அடுக்குவது. பன், சாசேஜ், இரண்டு கரண்டி சாஸ், கடுகு சாஸ், வெங்காயம், இதே வரிசையில். நம்மூர்க் கடுகு காரமாக இருக்கும். இதற்குப் பாட்டிலில் வரும் புளிப்பான மஞ்சள் கடுகு சாஸ்தான் வேண்டும். கையில் எடுத்துச் சாப்பிடுவது சிரமம், முள்கரண்டி வைத்துக்கொண்டால் வெட்கமில்லை.

டெட்ராய்டுக்கு வடக்கே ஃப்ளிண்ட் நகரம். அங்கே சாஸ் வேறு ஜாதி. மாசிடோனியாவிலிருந்து வந்த சிமியன் பிரேயன் 1924-ல் தொடங்கிவைத்த வழக்கம் அது. மாட்டு இதயத்தை நைசாக அரைத்துச் செய்வார்கள். குழம்பாக ஓடாமல் உதிரியாக இருக்கும். அதைச் செய்து பார்க்க ஆசையென்றால், இந்த முறையிலேயே பிஸ்கட்டை விட்டுவிட்டு, தண்ணீர் முழுக்கச் சுண்டும்வரை கிளறுங்கள்.

மிச்ச சாஸை ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம். ஃப்ரெஞ்சு ஃப்ரைஸ் மேல் ஊற்றிச் சாப்பிடுவதும் அந்தக் கடைகளின் பழக்கம்தான்.