காரைக்குடியிலிருந்து லடாக் போகிறீர்களா?

நம்ம ஊர் கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயரம்கூட இல்லை. மதுரையில் விமானம் ஏறி டெல்லி வழியாக லடாக்கின் லே நகரில் போய் இறங்கினால் ஒரேயடியாக 3,500 மீட்டர். அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் இங்கே கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

அதனால் முதல் 2 நாள் லேயிலேயே ஓய்வு. மடாலம், கடைத்தெரு எல்லாம் மூன்றாம் நாள். பாங்காங் ஏரி சுமார் 4,250 மீட்டர். நேராக அங்கே போய்த் தங்காதீர்கள். முதலில் நுப்ரா பள்ளத்தாக்கு. வழியில் 5,300 மீட்டரைத் தாண்டும் கர்துங் லா கணவாய் வந்தாலும், இரவு படுப்பது 3,100 மீட்டர் அளவில்தான். படுக்கும் உயரம்தான் முக்கியம்.

உயரத்தால் வரும் நோயைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரையை டாக்டரிடம் கேட்டே எடுக்கவும். வழக்கமாக 125 மில்லிகிராம், தினம் இரு வேளை, ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்குவார்கள். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். விரல் மரமரப்பது மாத்திரையால்தான், பயம் வேண்டாம். ஆனால் நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே கீழே இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தேன்குழல், சீப்புச்சீடையை டப்பாவில் கொண்டுபோங்கள். காற்றடைத்த பாக்கெட் மேலே உப்பி வெடிக்கலாம். அங்கே தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது.

நம்ம ஊர் பிரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது. போஸ்ட்பெய்டு வேண்டும்.