ஆர் மொழியில் பிழை வந்தால்: எங்கே தேடியது என்று முதலில் பாருங்கள்

கிருஷ்ணகிரியில் படிக்கும் தங்கை போன் செய்தாள். "அண்ணா, நீ அனுப்பின ஃபைல் இங்க ஓடவே இல்ல. கமிஷன் கிடைக்கலன்னு சொல்லுது." அதே ஃபைல் என் லேப்டாப்பில் ஒரு வாரமாக ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய லேப்டாப்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது: அவளுக்கு வந்த பிழை சரி. எனக்கு வந்த விடைதான் தப்பு.

எங்களுக்கு ராயக்கோட்டைப் பக்கம் கொஞ்சம் தக்காளி. மண்டியில் போட்டுவிட்டு வரும்போது அப்பா கொண்டுவரும் சிட்டைகளைச் சேர்த்துவைத்து, எத்தனை பெட்டி, என்ன விலை, கமிஷன் போக மிச்சம் எவ்வளவு என்று ஆர் (R) என்ற கணினி மொழியில் கணக்குப் போடுகிறேன். ஆர் கற்க ஆரம்பித்திருப்பவர்களுக்கு அந்தச் சின்னக் கணக்கையே வைத்து, பிழை வந்தால் எப்படித் துப்புத் துலக்குவது என்று சொல்கிறேன்.

ஒரு விஷயம். கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் கணினியில் அடிக்கும்போது எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் அடியுங்கள், பெட்டி, விலை போன்ற பெயர்களையும் சேர்த்து. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஆருக்கு வேறு வேறு. பாதிப் பிழைகள் அதனாலேயே வரும்.

முதல் படி: சிலேட்டைத் துடையுங்கள்

பிழை வந்ததும் கோடை, அதாவது எழுதிய கட்டளைகளை, திருத்தப் போகாதீர்கள். முதலில் ஆரை மூடித் திறங்கள். ஆரை எழுதி ஓட்டும் ஆர்ஸ்டுடியோ மென்பொருளில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்10 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். ஆனால் இதற்கு முன்னால் ஒரு தடவை செய்துவைக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. டூல்ஸ், குளோபல் ஆப்ஷன்ஸ், ஜெனரல் என்று போய், தொடங்கும்போது பழைய ஒர்க்ஸ்பேஸை மீட்டுக் கொண்டுவரும் டிக்கை எடுத்துவிடுங்கள். மூடும்போது சேமிக்கவா என்று கேட்கும் இடத்தில் 'நெவர்' என்று வையுங்கள்.

இதைச் செய்யாவிட்டால், போன வாரம் எப்போதோ அடித்துப் பார்த்த மதிப்புகள் எல்லாம் டாட் ஆர்டேட்டா என்ற ஃபைலில் போய் உட்கார்ந்து, இன்று திறக்கும்போது சத்தமில்லாமல் திரும்பி வரும். என் ஃபைல் ஓடியதற்குக் காரணமே இதுதான்.

ஆர்எம் கட்டளையால் எல்லாவற்றையும் அழித்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. பெயர்கள் போகும், ஏற்றிய பேக்கேஜ்களும் (மற்றவர்கள் எழுதிவைத்த கட்டளைத் தொகுப்புகள்) மாற்றிய ஆப்ஷன்களும் அப்படியே இருக்கும். மூடித் திறப்பதுதான் சுத்தம்.

இரண்டாம் படி: எந்த இடத்தில் தேடியது?

இதுதான் நான் தங்கைக்கு அனுப்பிய கோடு:

மிச்சம் <- ஃபங்ஷன்(பெட்டி, விலை) {
  மொத்தம் <- பெட்டி * விலை
  மொத்தம் - மொத்தம் * கமிஷன் / 100
}

கணக்கு <- ஃபங்ஷன்() {
  கமிஷன் <- 8
  மிச்சம்(40, 300)
}

கணக்கு()

40 பெட்டி, பெட்டி 300 ரூபாய். மொத்தம் 12000. எட்டு சதவீதக் கமிஷன் 960 போனால் 11040 வர வேண்டும். எனக்கு வந்தது 10800. தங்கைக்கு வந்ததோ, கமிஷன் என்ற ஆப்ஜெக்ட் 'நாட் ஃபவுண்ட்' என்ற பிழை.

கணக்கு என்ற ஃபங்ஷனுக்குள் (பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடும் கட்டளைகளின் கட்டு) கமிஷன் 8 என்று தெளிவாக எழுதியிருக்கிறதே, பிறகு ஏன் கிடைக்கவில்லை? இந்த இடத்தில்தான் புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் இடறுகிறார்கள். நிதானமாகப் பாருங்கள்.

ஒவ்வொரு ஃபங்ஷனும் ஓடும்போது தனக்கென்று ஒரு அறையைத் திறந்துகொள்கிறது. அந்த அறையைத்தான் என்விரான்மென்ட் என்கிறார்கள். மிச்சம் ஓடும்போது அதன் அறையில் பெட்டி, விலை, மொத்தம் மூன்றும் இருக்கின்றன. கமிஷன் இல்லை. உடனே வெளியே தேடுகிறது. எந்த வெளியே? தன்னை யார் கூப்பிட்டார்களோ அவர்களுடைய அறையில் அல்ல. தான் எங்கே எழுதப்பட்டதோ அந்த இடத்தில்.

பென்னாகரத்தில் பிறந்து ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போன பையனை நினைத்துக்கொள்ளுங்கள். ரூமில் அரிசி தீர்ந்துபோனால் ஊருக்குத்தான் போன் போடுவான். பக்கத்து ரூமில் ஒரு மூட்டை இருந்தாலும் அது அவன் வீட்டு அரிசி இல்லை. மிச்சம் என்ற ஃபங்ஷன் பிறந்தது வெளியே, குளோபல் என்விரான்மென்டில். வேலை செய்வதுதான் கணக்குக்குள். அதனால் கமிஷனுக்கு அது குளோபலைத்தான் கேட்கும்.

என் குளோபலில் போன சீசனில் அடித்த கமிஷன் <- 10 இன்னும் உயிரோடு இருந்தது. ஆர் அதை எடுத்துக்கொண்டு 10800 என்று சொல்லிவிட்டது. தங்கையின் குளோபலில் ஒன்றுமில்லை, அதனால் உண்மையைச் சொல்லி நின்றது. 240 ரூபாய் வித்தியாசம், ஒரு சிட்டைக்கு. ஒரு வாரம் இப்படியே கூட்டியிருக்கிறேன்.

பிறந்த இடத்தில் தேடும் இந்த வழக்கத்துக்கு லெக்ஸிக்கல் ஸ்கோப்பிங் என்று பெயர். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் ஆரை உருவாக்கியபோது, எழுதும் முறையை பெல் லேப்ஸின் எஸ் மொழியிலிருந்தும், இந்தத் தேடும் முறையை ஸ்கீம் மொழியிலிருந்தும் எடுத்துக்கொண்டார்கள்.

திருத்தம் எளிது. ஃபங்ஷனுக்குத் தேவையானதை எல்லாம் அடைப்புக்குறி வழியாகவே கொடுங்கள்:

மிச்சம் <- ஃபங்ஷன்(பெட்டி, விலை, கமிஷன்) {
  மொத்தம் <- பெட்டி * விலை
  மொத்தம் - மொத்தம் * கமிஷன் / 100
}

மிச்சம்(40, 300, 8)

இப்போது எந்த லேப்டாப்பில் ஓட்டினாலும் 11040. வெளியே இருப்பதை உள்ளிருந்தே மாற்றும் <<- என்ற குறியை யாராவது காட்டிக்கொடுத்தால், இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது தரும் வசதியைவிட அது எங்கே எதை மாற்றியது என்று தேடும் வேலை பெரிது.

தேடல் குளோபலோடு நிற்பதும் இல்லை. ஸர்ச்() என்று அடித்துப் பாருங்கள். முதலில் குளோபல், அப்புறம் நீங்கள் ஏற்றிய பேக்கேஜ்கள், கடைசியில் பேஸ் என்று ஒரு வரிசை வரும். ஆர் அந்த வரிசையிலேயே நடந்துபோய்த் தேடும். ரொம்பப் பேரைக் குழப்பும் ஒரு பிழைக்கு விளக்கம் இதில்தான் இருக்கிறது: 'ஆப்ஜெக்ட் ஆஃப் டைப் க்ளோஷர் இஸ் நாட் சப்செட்டபிள்'. சிட்டை ஃபைலைப் படிக்க மறந்துவிட்டு டேட்டா$விலை என்று அடித்திருப்பீர்கள். உங்கள் குளோபலில் டேட்டா இல்லை. ஆர் வரிசையில் நடந்துபோய், யூட்டில்ஸ் பேக்கேஜில் டேட்டா என்ற பெயரிலேயே இருக்கும் ஒரு ஃபங்ஷனைப் பிடித்துக்கொள்ளும். க்ளோஷர் என்றால் ஃபங்ஷன். ஃபங்ஷனுக்குள் விலை என்ற பத்தி எப்படி இருக்கும்? அதனால்தான் உங்கள் அட்டவணைக்கு டேட்டா, டிஎஃப் என்றெல்லாம் பெயர் வைக்காமல் சிட்டை என்று வையுங்கள் என்கிறேன். அப்படி வைத்திருந்தால், இல்லை என்று நேராகச் சொல்லியிருக்கும்.

மூன்றாம் படி: எந்த நேரத்தில் கணக்கிட்டது?

ஆர் கொஞ்சம் நிதானமான ஆள். நீங்கள் கொடுத்ததை வாங்கி வைத்துக்கொள்ளும்; தேவைப்படும்போதுதான் பிரித்துப் பார்க்கும். இதைப் பாருங்கள்:

மிச்சம் <- ஃபங்ஷன்(பெட்டி, விலை, கமிஷன்) {
  இஃப் (பெட்டி == 0) ரிட்டர்ன்(0)
  மொத்தம் <- பெட்டி * விலை
  மொத்தம் - மொத்தம் * கமிஷன் / 100
}

மிச்சம்(0, ஜூன்விலை, 8)

ஜூன்விலை என்ற ஒன்று எங்குமே இல்லை. ஆனாலும் பிழை வராது, 0 என்று விடை வரும். பெட்டி இல்லாத நாளில் விலையைத் தொடவே இல்லை, அதனால் அது இருக்கிறதா என்று ஆர் பார்க்கவும் இல்லை. மறுநாள் 5 பெட்டி போட்டதும் பிழை வெடிக்கும். "நேத்து ஓடுச்சு, இன்னைக்கு ஓடல" என்ற புலம்பலுக்குப் பல சமயம் இதுதான் காரணம். தவறு நேற்றே இருந்தது.

ஃபங்ஷனின் முதல் வரியிலேயே ஃபோர்ஸ்(விலை) என்று எழுதினால் அங்கேயே பிரித்துப் பார்த்துவிடும். எல்லா இடத்திலும் எழுத வேண்டியதில்லை. இப்படி ஒன்று நடக்கும் என்று தெரிந்திருந்தாலே பாதி வேலை முடிந்தது.

நான்காம் படி: யார் யாரைக் கூப்பிட்டார்கள்?

பிழை வந்த உடனே ட்ரேஸ்பேக்() என்று அடியுங்கள். தங்கையை அடிக்கச் சொன்னபோது இப்படி வந்தது:

2: மிச்சம்(40, 300)
1: கணக்கு()

கீழிருந்து மேலே படியுங்கள். கணக்கு கூப்பிட்டது, மிச்சம் விழுந்தது. பேக்கேஜ்களோடு வேலை செய்யும்போது இந்தப் பட்டியல் இருபது வரி வரைக்கும் நீளும். பயப்பட வேண்டாம். அதில் நீங்கள் எழுதிய ஃபங்ஷனின் பெயர் கடைசியாக, அதாவது மிக மேலே, எந்த வரியில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலும் வேலை அங்கேதான்.

அதற்கு மேலும் பிடிபடவில்லை என்றால், அந்த ஃபங்ஷனுக்குள் சந்தேகமான வரிக்கு முன்னால் பிரவுசர்() என்று ஒரு வரி எழுதி ஓட்டுங்கள். ஆர் அங்கேயே நின்று, அந்த அறைக்குள் உங்களை விடும். எல்எஸ்() அடித்தால் அறையில் இருக்கும் பெயர்கள் தெரியும். நான் மிச்சம் ஃபங்ஷனுக்குள் அப்படி நின்றபோது பெட்டி, மொத்தம், விலை என்று மூன்று பெயர்தான் வந்தது. கமிஷன் என்று அடித்தால் 10 வருகிறது. பட்டியலில் இல்லாத பெயருக்கு மதிப்பு வருகிறது என்றால் அது வெளியிலிருந்துதான் வர வேண்டும். அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் என்ற எழுத்தை அடித்தால் அடுத்த வரி, சி அடித்தால் மிச்சமெல்லாம் ஓடும், பெரிய க்யூ அடித்தால் வெளியே வந்துவிடலாம். வேலை முடிந்ததும் அந்தப் பிரவுசர் வரியை மறக்காமல் அழியுங்கள்.

ஐந்தாம் படி: பிழையைவிட எச்சரிக்கையைக் கவனியுங்கள்

பிழை வந்தால் ஆர் நின்றுவிடும், நீங்களும் பார்ப்பீர்கள். வார்னிங் வந்தால் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். சிட்டையில் எழுதியிருந்தபடியே தொகையை 1,250 என்று கமாவோடு சிஎஸ்வி ஃபைலில் ஏற்றியிருந்தேன். ஆருக்கு அது எண் இல்லை, எழுத்து. அதைப் பெருக்கப் போனால், 'நான்நியூமெரிக் ஆர்க்யுமென்ட்' என்று நின்றுவிடும். பரவாயில்லை. ஆனால் ஆஸ்.நியூமெரிக் போட்டு மாற்றினால், கமா உள்ள ஒவ்வொரு இடத்திலும் என்ஏ (மதிப்பு இல்லை) என்று வைத்துவிட்டு ஒரு வார்னிங்கோடு கடந்துபோகும். அப்புறம் என்ஏ-க்களை ஒதுக்கிவிட்டுக் கூட்டினால், ஆயிரத்துக்கு மேல் வந்த நாட்கள் எல்லாம் கணக்கிலேயே இருக்காது. நல்ல விலை வந்த நாட்கள்தான் அவை!

ஃபைலைப் படித்ததும் எஸ்டிஆர்(சிட்டை) என்று அடித்து, எந்தப் பத்தி எண், எந்தப் பத்தி எழுத்து என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஜிஸப் கொண்டு கமாவை நீக்கிவிட்டு, பிறகு எண்ணாக மாற்றுங்கள். பணக் கணக்கு போடும்போது ஆப்ஷன்ஸ்(வார்ன் = 2) என்று முதலிலேயே எழுதிவிடுவேன். வார்னிங் எல்லாம் பிழையாக மாறி, அங்கேயே நிற்கும். என்னைக் கேட்டால், கற்கிற காலத்தில் இதைப் போட்டே வைத்திருக்கலாம்.

சட்டென்று தீரும் சில தொல்லைகள்

இடது பக்கம் வரும் > குறிக்குப் பதிலாக + வந்து, எது அடித்தாலும் பதில் இல்லையா? எங்கோ ஒரு அடைப்புக்குறியையோ மேற்கோளையோ மூடவில்லை. எஸ்கேப் அழுத்தினால் வெளியே வரலாம். டெர்மினலில் என்றால் கன்ட்ரோல் சி.

ஃபங்ஷன் கிடைக்கவில்லை என்றால் பேக்கேஜை நிறுவியிருப்பீர்கள், லைப்ரரி போட்டு ஏற்றியிருக்க மாட்டீர்கள். நிறுவுவது ஒரு தடவை, ஏற்றுவது ஆரைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும்.

சோர்ஸ் கட்டளையால் முழு ஃபைலை ஓட்டினால் திரையில் ஒன்றுமே வரவில்லையா? அது பிழை இல்லை. சோர்ஸுக்குள்ளும் ஃபார் சுழலுக்குள்ளும் ஆர் விடையைத் தானாகக் காட்டாது. பிரிண்ட்() போட்டுக் கேட்க வேண்டும்.

இஃப் வரியில் 'மிஸ்ஸிங் வேல்யூ' என்று வந்தால், ஒப்பிட்ட இடத்தில் என்ஏ இருக்கிறது. ஐந்தாம் படிக்குத் திரும்பிப் போங்கள். இஃப் அடைப்புக்குள் ஒரு மதிப்புக்குப் பதிலாக முழுப் பத்தியையும் கொடுத்தால், முன்பெல்லாம் முதல் மதிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வார்னிங்கோடு போகும். 2022-இல் வந்த 4.2.0 முதல் அது பிழையாகிவிட்டது. பழைய பாடங்களில் ஓடிய கோடு உங்களிடம் நிற்கிறது என்றால் இதையும் ஒரு பார்வை பாருங்கள்.

யாரிடமாவது கேட்பதற்கு முன்

முழு ஃபைலை அனுப்பாதீர்கள். ஆரை மூடித் திறந்து, பிழை வரும் அளவுக்கு மட்டும் கோடை வெட்டிக் குறையுங்கள். அட்டவணை வேண்டும் என்றால் டிபுட்(ஹெட்(சிட்டை, 5)) என்று அடித்து வருவதை அப்படியே ஒட்டுங்கள். எதிரில் இருப்பவர் அதைத் தன் கணினியில் அப்படியே எடுத்து ஓட்டலாம். திரையைப் போட்டோ எடுத்து அனுப்பினால் அவர் எல்லாவற்றையும் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். பிழைச் செய்தியையும் முழுசாக, ஒரு எழுத்து விடாமல் ஒட்டுங்கள். இப்படிக் குறைத்துக்கொண்டே வரும்போது பாதி நேரம் காரணம் நமக்கே தெரிந்துவிடும்.

தங்கையிடம் திருத்திய ஃபைலை அனுப்பினேன். ஆரை மூடித் திறந்து ஓட்டிவிட்டு, "11040 வருதுண்ணா, உனக்கு?" என்று கேட்டாள். எனக்கும் அதுதான். அப்பாவிடம் போன வாரத்துச் சிட்டைகளைத் திரும்ப வாங்கி வைத்திருக்கிறேன், இன்று ராத்திரி முதலிலிருந்து கூட்ட வேண்டும்.