முதல் ஆயில் போர்ட்ரெய்ட்: வெர்மீரைப் பார்த்து வரைவது எப்படி?

முகம் வரையப் பழக, நல்ல ஓவியம் ஒன்றைப் பார்த்து அப்படியே வரைவதுதான் சிறந்த பயிற்சி. வெளிச்சம் எங்கே விழணும், நிழல் எங்கே மறையணும் என்பதையெல்லாம் ஒரு மேதை ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிறார். முதலில் டச்சு ஓவியர் வெர்மீரின் ‘முத்துக் காதணி அணிந்த பெண்’ணை எடுங்கள். 1665 வாக்கில் வரைந்தது. நெதர்லாந்தின் தி ஹேக் நகரிலுள்ள மவுரிட்ஸ்ஹுயிஸ் அருங்காட்சியகத் தளத்தில் பெரிய படம் இலவசமாகவே கிடைக்கும்.

ஆயில் பெயின்ட்டே வாங்குங்கள். சென்னை வெயிலில், ஃபேனுக்கடியில், அக்ரிலிக் குழைப்பதற்குள் காய்ந்துவிடும். வெள்ளை, யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), வெர்மிலியன் (பளிச்சென்ற சிவப்பு), பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு), அல்ட்ராமரைன் (அடர் நீலம்), கறுப்பு போதும். முகத்துக்கு ஃபில்பர்ட் பிரஷ், அதாவது தட்டையாக, நுனி மட்டும் அரைவட்டமாக இருப்பது.

அசல் 44.5 செ.மீ. உயரம், 39 செ.மீ. அகலம். கேன்வாஸில் 16 அங்குல உயரம், 14 அங்குல அகலம் குறித்து, 2 அங்குலக் கட்டங்கள் போடுங்கள். படத்தையும் மேலிருந்து கீழாக 8, குறுக்கே 7 எனப் பிரித்துக் கட்டம் கட்டமாக வரையுங்கள். அப்புறம் டர்பன்டைனில் கரைத்த பர்ன்ட் அம்பரால் நிழல்களை மட்டும் தீட்டிக் காயவிடுங்கள். டர்பன்டைன் நெடி வெளியேற ஜன்னல் திறந்திருக்கட்டும்.

இனி மூக்கு. எனக்கு வெகுநாள் பிடிபடாத இடம் இதுதான். நம் பார்வைக்கு இடப்பக்கக் கன்னத்தையும் மூக்குத் தண்டையும் உற்றுப் பாருங்கள். நடுவில் கோடே கிடையாது! இரண்டும் ஒரே வெளிச்சத்தில் கலந்து கிடக்கின்றன. மூக்கு என்றால் கோடு இருக்கும் என்று மனசு சொல்லும், கை போட்டுவிடும். இதற்கு ஒரு வழி உண்டு. வெள்ளை அட்டை இரண்டில் நகமளவு ஓட்டை போட்டு, ஒன்றைப் படத்தின் மேலும் இன்னொன்றை உங்கள் கேன்வாஸில் அதே இடத்துக்கு நேராகவும் பிடியுங்கள். ஓட்டைக்குள் மூக்கு தெரியாது, வெறும் நிறம்தான் தெரியும். இரண்டும் ஒத்துப்போகும்வரை கலவையை மாற்றுங்கள். வலப்பக்கக் கன்னத்தில் வெளிச்சம் நிழலாக மாறும் இடத்துக்கும் இதையே செய்யுங்கள். அங்கே கறுப்பைத் தொடாதீர்கள், தோல் செத்துப்போகும். பர்ன்ட் அம்பர் போதும்.

முத்தைக் கடைசியில் வையுங்கள். மேலே கெட்டியாக ஒரு வெள்ளைப் பொட்டு, கீழே காலரின் மங்கிய பிரதிபலிப்பு, அவ்வளவுதான். வெர்மீர் அதற்குக் கொக்கிகூட வரையவில்லை.

பிற்சேர்க்கை: 12×16 அங்குல கேன்வாஸ்தான் கிடைத்தது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். 12 அங்குல உயரம், பத்தரை அங்குல அகலம் குறித்து, ஒன்றரை அங்குலக் கட்டம் போடுங்கள். அதே 8, 7 கணக்கு சரியாக வரும்.